லாரி இஞ்சின் போட்ட பிக்கப்

தொண்ணூறுகளின் கடைசியில் என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் இருந்தது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். வாரம் ஒருமுறை அட்டையும் பசைக்கு மைதா மாவும் ஏற்றிக்கொண்டு கழுகுமலை ரோட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவேன். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டி, காயவைத்து, சாக்கில் கட்டி வைத்திருப்பார்கள். அந்த மூட்டைகளைக் கொண்டுவந்து ஆலையில் இறக்க வேண்டும். ஆள் உயரச் சாக்கை ஒரு கையால் தூக்கிவிடலாம், உள்ளே இருப்பது முக்காலும் காற்றுதான். ஆனால் ஈரம் மட்டும் ஆகவே ஆகாது. பசை விட்டுப் பெட்டி வாயைப் பிளந்துவிட்டால் ஆலையில் எடுக்க மாட்டார்கள். ஒரு தெருவே வாரம் முழுக்க ஒட்டியதற்குக் கூலி கிடையாது.

அந்தக் கிராமங்களில் ஒன்று தார் ரோட்டிலிருந்து முக்கால் மைல் உள்ளே தள்ளி இருந்தது. நடுவில் வெறும் வண்டிப்பாதை, இரண்டு பக்கமும் பருத்தியும் உளுந்தும். கோடையில் அந்தப் பாதையில் சைக்கிளில் தூங்கிக்கொண்டே போகலாம். ஐப்பசியில் ஒரு மழை விழுந்துவிட்டால் கரிசல் மண் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. மட்கார்டுக்குள் மண் ஏறி அடைத்து, சக்கரம் சுற்றவே இடம் இருக்காது. அப்போது ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளுவார்கள். குச்சியால் மண்ணைச் சுரண்டுவார்கள், மறுபடி தள்ளுவார்கள். தார் ரோடு ஏறும் வரைக்கும் இதே கதைதான். யாரும் கூப்பிட்டு அவர்கள் வருவதில்லை. வண்டி கிளம்பினால் பின்னாலேயே நடந்து வருவார்கள்.

எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஆலை வாசலில் மற்ற டிரைவர்கள் என் முழங்கால் சேற்றைப் பார்த்துவிட்டு, “என்ன, இன்னைக்கும் பொம்பளையாளுகதான் ஓட்டிட்டு வந்தாகளா?” என்பார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். ஒருநாள் ஒருவன் சட்டையைப் பிடித்தே விட்டேன். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த இஞ்சின் வேண்டாம் என்று.

சாத்தூரில் பழைய இரும்புக் கடை ஒன்றில், கவிழ்ந்த மினிலாரியின் டீசல் இஞ்சின் ஒன்று கியர் பாக்ஸோடு கிடைத்தது. நமக்கு எப்போதும் வேலை பார்க்கும் மெக்கானிக் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். என்னைவிட நாலைந்து வயது சின்னவன், தொழில் தெரிந்தவன்.

“அண்ணாச்சி, நீங்க ஏத்துறது காத்து. அதுக்கு எதுக்கு லாரி இஞ்சினு?”

“நீ மாட்டித் தருவியா, மாட்டியா?”

மாட்டினான். பதினாறு நாள் ஆயிற்று. இஞ்சினைச் சங்கிலி போட்டு இறக்கினால் உட்காரவில்லை. குறுக்குச் சட்டத்தை அறுத்து, புதிதாகத் தாங்கிகள் வைத்து வெல்டிங் அடித்தோம். ரேடியேட்டரை முன்னால் தள்ளினோம். அப்போதும் பானெட் மூடவில்லை. நடுவில் ஓட்டை வெட்டி, மேலே ஒரு தகர மூடி செய்து போட்டான். பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் நீளமாக நின்றது. அதை லேத்தில் கொடுத்து நறுக்கி ஒட்டினோம். இஞ்சின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற நான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நாலு நடை அலைந்தேன்.

கடைசி நாள் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “பழசவிட இது ரெண்டாளு கனம் கூட இருக்கும் அண்ணாச்சி. முன்னால ஸ்பிரிங் பட்டை சேத்துருக்கேன், ரோட்டுல ஒண்ணும் தெரியாது. கரிசல்ல எறக்கும்போது மட்டும் பாத்துக்கிடுங்க.”

“கரிசலுக்காகத்தானப்பா மாத்துதேன்” என்றேன். அவன் சாவியைக் கொடுத்தான்.

அது ஆவணி மாதம், மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அந்தக் கிராமத்துக்குள் புழுதி பறக்கப் போய் நிறுத்தினேன். சத்தம் கேட்டுப் பெண்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். மூட்டைகள் சேர்ந்து கிடக்கும் வீட்டு அக்காதான் அவர்களுக்கு முன்நிற்கிற ஆள். அவளிடம் பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன், “இனிமே மழை பெஞ்சா வீட்டுக்குள்ள இருங்கக்கா. ஒரு ஆளும் தள்ள வரவேண்டாம்.”

“நல்லதாப் போச்சு” என்று சிரித்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவள் சிரித்ததில் என்ன இருந்தது என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு இல்லை.

ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்து இரண்டாம் நாள் போனேன். உள்ளே போகும்போது இஞ்சின் உறுமிக்கொண்டு எப்படியோ இழுத்துவிட்டது. முப்பது மூட்டை ஏற்றி, தார்ப்பாய் கட்டித் திரும்பினேன். கழுகுமலைப் பக்கம் வானம் கறுத்து வந்தது. பாதி வழியில் முன்பக்கம் மெதுவாக இறங்கியது. ஆக்ஸிலேட்டரை இன்னும் அமுக்கிக் கொடுத்தேன். பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்தில் சுற்றி மண்ணை வாரி வீசின. முன்னால் இரும்பு, பின்னால் காற்று. இஞ்சினுக்கு எவ்வளவு பலம் இருந்ததோ அவ்வளவு ஆழத்துக்கு அது எனக்குக் குழி தோண்டிக் கொடுத்தது. இறங்கிப் பார்த்தால் முன் அச்சு மண்ணுக்குள் இருந்தது. மெக்கானிக்கைத் திட்டினேன், டயரை உதைத்தேன். தப்பு யாருடையது என்று தெரிந்துதான் உதைத்தேன்.

ஊருக்குள் போய்க் கூப்பிட முகம் இல்லை. நின்றுகொண்டிருந்தபோதே அவர்கள் வந்துவிட்டார்கள், எட்டுப் பேர். ஒரே இடத்தில் இஞ்சின் கத்துவது ஊர் வரைக்கும் கேட்டிருக்கும். கையை வைத்துத் தள்ளிப் பார்த்தார்கள். பழைய வண்டி என்றால் அவர்கள் கை பட்டதும் ஆடும். இது அசையக்கூட இல்லை.

அக்கா வானத்தைப் பார்த்தாள். “ஏட்டி, தார்ப்பாய அவுங்க.”

“டிராக்டர் கூட்டிட்டு வாரேன்க்கா, கொஞ்சம் பொறுங்க” என்றேன்.

“டிராக்டர் வார வரைக்கும் மழை பொறுக்குமாய்யா?”

தலைக்கு ஒரு மூட்டையாகத் தூக்கிக்கொண்டு தார் ரோட்டைப் பார்த்து நடந்தார்கள். நானும் ஒன்றைத் தூக்கினேன். செருப்பு மண்ணோடு போய்விட்டது, வெறுங்காலோடு நடந்தேன். பஸ் நிற்கும் நிழற்குடையில் இறக்கி வைத்துவிட்டு மறுபடி ஓட்டமும் நடையுமாக வந்தோம். நாலாவது நடையில் கடைசி மூட்டைகளை உள்ளே திணித்தபோது மழை பிடித்துக்கொண்டது. நிழற்குடை மூட்டைகளால் நிறைந்துவிட்டது. ஆள் நிற்க இடம் இல்லை. தார்ப்பாயை மூட்டைகளுக்கு முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு எல்லாரும் வெளியே நனைந்தோம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகைகூட வந்தது. மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது. அக்காவிடம், “என் வண்டியால உங்களுக்கு எத்தன பாடு. வருசாவருசம் என் வண்டியத் தள்ளித் தள்ளியே…” என்று தொடங்கினேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தார்ப்பாய் ஓரத்தில் ஒரு சாக்கு நனைகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்க வண்டிய யாருய்யா தள்ளுனா? எங்க பெட்டியத்தான தள்ளுனோம்” என்றாள்.