சின்ன போனில் வராத ஊர்

எங்கள் அலுவலகத்தில் ஒரு நீள மேசை உண்டு. அதன்மேல் பதினோரு போன்கள் வரிசையாகக் கிடக்கும், பெரியதிலிருந்து சிறியது வரை. காலையில் அவற்றைத் துடைத்துச் சார்ஜ் போடுவதுதான் என் முதல் வேலை. விழுப்புரத்தில் ஒரு கடைவீதியின் மாடியில் இருக்கிற சின்ன அலுவலகம் அது. இணையப் பக்கங்கள் செய்கிறார்கள். நான் காவலுக்குச் சேர்ந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் மேடம் என்னையே பக்கங்களைப் பார்க்கச் சொன்னார். வேகமாகப் படிக்கிறவர்கள் தாண்டிப் போவதெல்லாம் மெதுவாகப் படிக்கிறவன் கண்ணில் படுமாம்.

மேடம் ஒரு குழுவில் இருந்தார். வெவ்வேறு நாட்டுக்காரர்கள் வாரம் ஒரு முறை கணினியில் முகம் பார்த்துப் பேசுவார்கள். ஒரே பக்கம் பெரிய கணினியிலும், கையகல போனிலும், பழைய பட்டன் போனிலும் எப்படித் தெரிய வேண்டும் என்று உலகத்துக்கே பொதுவாக ஒரு விதி எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரிந்த அளவில் விதி இதுதான். பக்கத்தை எழுதுகிறவர் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் போட வேண்டும். ஒன்று போட்டது எல்லாக் கருவியிலும் தெரியும். இரண்டு போட்டது பெரியதிலிருந்து நடுத்தரத் திரை வரைக்கும். மூன்று போட்டது பெரிய திரையில் மட்டும். விதி சரியாக வருகிறதா என்று பார்க்க எங்கள் அலுவலகம் ஒரு பக்கம் செய்து வெளியே விட்டிருந்தது. மழைக்காலத்தில் எந்த ஏரி நிரம்புகிறது, எந்த ஊருக்கு ஆபத்து என்று சொல்லும் பக்கம். ஆபத்து உள்ள ஊர்களின் பெயர் மட்டும் சிவப்பில் வரும்.

என்னிடம் தினமும் ஒரு தாள் கொடுப்பார்கள். எழுத்து வெட்டுப்படுகிறதா, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறதா, பக்கவாட்டில் தள்ள வேண்டியிருக்கிறதா என்று மூன்று கேள்விகள். அடியில் ‘வேறு குறை’ என்று கொஞ்சம் இடம் விட்டிருக்கும். என் கையெழுத்துக்குக் கூச்சப்பட்டு அதில் நான் எழுதுவதே இல்லை. ஒரே ஒரு முறை எழுதினேன். ‘சின்ன போனில் ஊர்ப் பட்டியல் நீளம். தள்ளித் தள்ளி விரல் வலிக்கிறது.’

ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது சின்ன போன்கள் மூன்றிலும் பட்டியலே இல்லை. அதற்கு இரண்டாம் எண் போட்டுவிட்டார்கள். ‘ஏரிகள் நிரம்பி வருகின்றன, கவனமாக இருங்கள்’ என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. பக்கம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. எதுவும் வெட்டுப்படவில்லை, எதன்மேலும் எதுவும் ஏறவில்லை. மூன்று கேள்விக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு மேடம் அறை வாசலில் நின்றேன். உள்ளே அந்த நாட்டுக்காரர்களின் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது, கல்யாணப் பந்தியில்கூட ரசம் கேட்க மாட்டேன். தெரிந்தவர்கள்தானே செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அதன்பின் ஒவ்வொரு நாளும் அந்தச் சுத்தமான பக்கத்தைப் பார்த்து மூன்று ‘இல்லை’ எழுதிக் கொடுத்தேன்.

திண்டிவனத்துக்கு அந்தப்பக்கம் ஓர் ஏரிக்குக் கீழே என் அக்கா இருக்கிறாள். மாமாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து நடமாட்டம் இல்லை. தீபாவளிக்குப் போனபோது அவளுடைய சின்ன போனில் இந்தப் பக்கத்தை நான்தான் வைத்துக் கொடுத்தேன். அன்றைக்குப் பட்டியல் இருந்தது. வேறு ஏதோ இரண்டு ஊர்ப் பெயர்கள் சிவப்பில் வந்தன. நம் ஊர்ப் பெயர் வந்தால் உடனே மாமாவோடு கிளம்பிவிட வேண்டும், வராவிட்டால் பயமில்லை என்று சொல்லிக் கொடுத்தேன். தம்பி செய்கிற பக்கம் என்று தெருவெல்லாம் காட்டினாள்.

கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் பெய்தது. அலுவலகத்து மாடிப்படியில் சேற்றுத் தண்ணீர் ஏறியிருந்தது. நாலாம் நாள் காலையில் மேசையில் இருந்த பெரிய போனைத் திறந்தேன். பட்டியல் நீண்டிருந்தது. எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்து அக்காவின் ஊரில் நின்றேன். பிறகு கடைசியில் கிடந்த சின்ன போனைத் திறந்தேன். அதே ஒரு வரி.

அக்காவைக் கூப்பிட்டேன். மூன்றாம் முறைதான் கிடைத்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே அவள் கத்திப் பேசினாள்.

“காலையில இருந்து நாலு வாட்டி பார்த்துட்டேன்டா. ஒரு ஊர் பேரும் வரல. நமக்கு ஒண்ணும் இல்ல.”

“அக்கா, அதுல வராது. பெரிய போன்ல நம்ம ஊர் பேரு இருக்குது. மாமாவக் கூட்டிக்கினு ஜல்தி கெளம்பு.”

சிரித்தாள். “பெரிய போனுக்கு ஒரு ஏரி, சின்ன போனுக்கு ஒரு ஏரியா? பேரு வந்தா கெளம்புன்னு நீதானடா சொன்ன. தெருவே என் போனப் பார்த்துக்கினு உக்காந்திருக்குது.”

அதோடு இணைப்பு அறுந்தது. பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் மணி போகவில்லை.

மேடம் கூட்டத்தில் இருந்தார். கதவைத் தட்டாமல் திறந்தேன். கட்டங்களில் இருந்த முகங்கள் எல்லாம் என்னைப் பார்த்தன.

“மேடம், பெரிய போன்ல எங்க அக்கா ஊரு இருக்குதுங்க. சின்ன போன்ல இல்லீங்க. அவங்ககிட்ட சின்ன போன்தாங்க இருக்குது.”

அவருக்கு முதலில் புரியவில்லை. மேசைக்கு வந்து இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது முகம் மாறியது. எத்தனை நாளாக என்று கேட்டார். இருபது நாளாக என்றேன். “ஏன் சொல்லலண்ணா?” என்றார். உள்ளே ஓடிப் பட்டியலுக்கு ஒன்றாம் எண் போட்டார். கொஞ்ச நேரத்தில் மேசையில் இருந்த சின்ன போனில் அக்காவின் ஊர் வந்துவிட்டது. அங்கே நெட் இருந்தால்தான் அவள் போனில் மாறும், இல்லாவிட்டால் பழைய பக்கம்தான் நிற்கும் என்று மேடம் மெதுவாகச் சொன்னார்.

திண்டிவனம் பஸ் பிடித்தேன். சாலைக்கு இரண்டு பக்கமும் வயலும் கொல்லையும் தெரியவில்லை, தண்ணீர்தான். திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிட்டு, இதற்கு மேல் வண்டி போகாது என்று திரும்பிக்கொண்டார். முழங்கால் தண்ணீரில் நடந்தேன். அக்காவின் தெருவே பள்ளிக்கூடத்து மாடியில் இருப்பதாக எதிரே வந்தவர்கள் சொன்னார்கள்.

அக்கா மாடியில் இருந்தாள். தண்ணீர் வாசல்படி ஏறின பிறகுதான் தெரு கிளம்பியிருக்கிறது. நாலு பேர் மாமாவைக் கட்டிலோடு தூக்கி வந்திருக்கிறார்கள். அவிழ்க்க நேரமில்லாமல் பின்கட்டில் ஆடுகளை விட்டு வந்திருக்கிறார்கள். அக்கா போனை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள், என்னைப் பார்த்தும் அதை எடுக்கவில்லை. தெருவின் கடைசி வீட்டுக்காரர் மட்டும் இன்னும் வரவில்லை என்று மாமா குழறிக் குழறிச் சொன்னார். மேட்டுப்பக்கம் கட்டின மாட்டை ஓட்டிவரப் போனவராம். தினமும் காலையில் அக்காவிடம் வந்து பெயர் வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார்.

மத்தியானத்துக்கு மேல் நெட் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். கடைசி வீட்டுக்காரரின் மனைவி என்னிடம் வந்தார். நனைந்த புடவையோடு என் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

“நீங்கதான அந்தப் பக்கத்துல வேல செய்றவரு? மேட்டுப் பக்கம் தண்ணி ஏறிச்சா இல்லியான்னு பார்த்துச் சொல்லுங்க தம்பி.”

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போனை என்னிடம் நீட்டினாள். பக்கம் புதிதாகத் திறந்தது. ஊர்ப் பெயர் முதல் வரியில் சிவப்பாக நின்றது. அதற்குக் கீழே ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். மேட்டுப்பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறுபடியும் மேலிருந்து படித்தேன். மாடியில் இருந்த எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இதுல ஒண்ணும் போடலீங்க” என்றேன்.

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. “போடலன்னா ஒண்ணும் ஆவலன்னுதான அர்த்தம்? அக்கா அப்படித்தான சொல்லும்.”

“இல்லீங்க. அப்படி அர்த்தம் இல்லீங்க. போட்டவங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தம்” என்றேன். குரல் சத்தமாகத்தான் வந்தது.

அவர் எழுந்து கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் மேட்டுப்பக்கம் பார்த்து நின்றார். வீடுகளுக்கு மேலே பனைமரங்களின் தலை மட்டும் தெரிந்தது, தண்ணீர் ஏறியதா என்று தெரியவில்லை. மாடு ஓட்டப் போனவரைத் தேடுவதற்கு இரண்டு பேர் கயிறு எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். நானும் போனை அக்கா கையில் கொடுத்துவிட்டு அவர்கள் பின்னால் இறங்கினேன்.