உப்பு தீரும்வரை

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் உப்புக்குப் பெரும் தட்டுப்பாடு. தீவின் மறுகோடியில் ஆளில்லாத கடற்கரை ஒன்று இருக்கிறது, அங்கே ஓரிரவு தங்கி உப்புக் காய்ச்சி வரலாம் என்று அம்மா சொன்னபோது, நான் சந்தோஷத்தில் குதித்தேன். அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். வீட்டில் அம்மா, மீசை அரும்பிய அண்ணன், நான். இளவட்டங்களைத் தெருவிலேயே பிடித்து லாரியில் ஏற்றுகிறார்கள் என்று எங்கள் ஜெலுத்தோங் வட்டாரம் முழுக்கப் பேச்சு. அதெல்லாம் பெரியவர்கள் விஷயம் எனக்கு.

சாக்குகளில் கயிற்றைத் தோள்வாராகத் தைத்து, மரவள்ளிக்கிழங்கும் பாயும் திணித்து ஆளுக்கொன்றாக முதுகில் மாட்டிக்கொண்டோம். காய்ச்சுவதற்கான மண்ணெண்ணெய்த் தகரம் அண்ணனுடைய மூட்டைமேல் ஏறியது.

வழியில் ஒரு சிப்பாய் மறித்தான். அம்மா இடுப்பு ஒடியக் குனிந்து, "காராம், காராம்" என்று மலாயில் உப்பைச் சொன்னாள். அவன் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா சட்டென்று என்னைத் தூக்கி அண்ணன் கையில் கொடுத்து, "கால் வலிக்குதுன்னு அழு" என்று காதில் சொன்னாள். நான் ஊரே கேட்கும்படி அழுதேன். சிப்பாய் எரிச்சலோடு போகச்சொல்லிக் கையசைத்தான்.

சாலை முடிந்து காட்டுப்பாதை வந்தது. காலெல்லாம் அட்டை.

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்மா" என்றார் அண்ணன்.

"பொழுது சாயறதுக்குள்ள போயாகணும்லா. நட."

கடற்கரையில் எங்களைத் தவிர யாருமில்லை. அலைச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. தாழம்புதர் மறைவில் பாய் விரித்தோம். ஒதுங்கிக் கிடந்த கட்டைகளை அண்ணன் பொறுக்கிவர, தகரத்தில் கடல்நீர் கொதித்தது. அம்மா படுக்கவேயில்லை. நெருப்பைத் தள்ளிவிடுவாள், தூங்குகிற அண்ணனைப் பார்ப்பாள், மறுபடி நெருப்பைத் தள்ளிவிடுவாள்.

காலையில் தகரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. அதை நான் தொட்டு நக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சம்பான் படகு கரைக்கு வந்தது. அதிலிருந்து இறங்கிய மலாய் மீனவர் அப்பாவுக்குப் பழக்கமானவராம். அம்மா அண்ணனுடைய மூட்டையைப் படகில் வைத்தாள். அண்ணன் ஏறிக்கொண்டார்.

"சொன்ன பேச்சு கேட்டு இரு. வெளிய தலையக் காட்டாதே" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

அண்ணனுக்கு மட்டும் படகும் கடலுமா என்று மணலில் புரண்டு அழுதேன். இந்தமுறை யாரும் சொல்லித்தரவில்லை.

"அண்ணே எப்பம்மா வருவாரு?"

"இந்த உப்பு தீந்ததும் வந்துருவான். நட."

அன்றிலிருந்து வேளைக்கு வேளை, "இன்னும் கொஞ்சம் உப்புப் போடும்மா" என்று நச்சரித்தேன். அம்மாவோ நாளுக்கு நாள் அளவைக் குறைத்தாள். கஞ்சி வாயில் வைக்க விளங்கவில்லை. ஜப்பான்காரன் போனபின், வெயிலில் கறுத்து, வாயைத் திறந்தால் மலாய் பேசிக்கொண்டு அண்ணன் திரும்பி வந்தார். அன்றைக்கும் சாடியின் அடியில் கொஞ்சம் உப்பு இருந்தது.

பெற்ற பிள்ளை வீடு திரும்புவதில் இந்த அம்மாவுக்கு ஆசையே இல்லை என்றுதான் அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.