கடைசிப் பாத்திக்குக் கூடுதலாய் ஒரு கை

எதையும் வாடவிட்டு வேடிக்கை பார்க்க செல்லத்துக்குத் தெரியாது. அந்தமானில் கராச்சர்மா பக்கம் ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் பதினெட்டு வருடமாகத் தினக்கூலி மஸ்தூர். இந்த வருடம் நிரந்தரமாக்கும் பட்டியலுக்கு அவள் பெயரைப் பரிந்துரைப்பதாக விஞ்ஞானி ஷோபனா சொல்லியிருந்தார். அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்தா இப்படி ஒரு புத்தி வரவேண்டும்!

ஒரே வீரிய ஒட்டு நெல்லை மூன்று பாத்திகளில் நட்டிருந்தார்கள். ஒன்று ஜூலை முதல் வாரம், அடுத்தது ஜூலை கடைசி, மூன்றாவது ஆகஸ்ட் நடுவில். நாற்றின் வயதும் உரமும் மூன்றுக்கும் ஒன்றேதான். நடவு தள்ளிப்போனால் பயிர் எவ்வளவு குன்றுகிறது என்று பார்ப்பதற்குத்தான் இத்தனை பாடும்.

குன்றத்தான் செய்தது. முதல் பாத்தி தூர் வெடித்து மதமதவென்று நின்றது. கடைசிப் பாத்தியோ தூர் கட்ட நாள் போதாமல், சவலைப் பிள்ளை போல வெளிறிக் கிடந்தது. செல்லத்துக்குப் பொறுக்கவில்லை. மூட்டையின் அடியில் மிஞ்சியிருந்த யூரியாவை அள்ளி, யாரும் பார்க்காதபோது அதற்கு மட்டும் வீசினாள். பத்து நாள் கழித்து இன்னொரு தரம். பயிர் பச்சை பிடித்த அன்று அவளுக்குச் சோறுகூட ருசித்தது.

ஷோபனா தூர்களை எண்ணினார், திரும்பவும் எண்ணினார். ஆகஸ்ட் நடவு அவ்வளவாக அடிபடவில்லை என்று குறித்துக்கொண்டார். விவசாயிகளைப் பண்ணைக்கு அழைத்த நாளில் அதையே சொன்னார்.

வடக்கே டிக்லிபூரிலிருந்து வந்திருந்த வங்காளி விவசாயி ஒருவர் எழுந்தார். "தோ அகஸ்ட் மே பீ சலேகா, மேடம்?" ஆகஸ்டில் நட்டாலும் விளையுமா என்று அவர் கேட்டதற்கு ஷோபனா தலையாட்டினார். விவசாயியின் முகம் மலர்ந்துவிட்டது. வருகிற ஜூலையில் மகளைக் கல்கத்தாவில் கல்லூரியில் சேர்த்துவிட்டு, அடுத்த கப்பலில் திரும்பி நிதானமாக நடலாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இருக்கிற நிலம் அத்தனையும் இந்த நெல்தானாம்.

பின்னால் நின்ற செல்லத்தின் காதில் அது விழுந்தது. வாயைத் திறந்தால் வேலை போகும், மூடினால் அந்த மனுஷன் வயல் போகும்.

"நஹி சலேகா, தாதா! ஜூலை மே லகாவ்!" விளையாது அண்ணா, ஜூலையிலேயே நடுங்கள் என்று கத்தியேவிட்டாள். பிறகு ஷோபனாவிடம் திரும்பினாள். "மேடம், அந்தப் பாத்திக்கு நான் திருட்டுத்தனமா யூரியா போட்டேன். ரெண்டு தடவ."

"ஏன் செல்லம்?"

"பாக்க சகிக்கல மேடம். லேட்டா நட்டது நாமதான? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

ஷோபனா நோட்டைத் திறந்தார். எல்லோர் முன்னாலும் அந்தப் பாத்தியின் எண்களைக் கோடு போட்டு அடித்தார். ஒரு பருவத்து உழைப்பு வீண். காரணத்தை மேலதிகாரிகளுக்கு எழுதித்தான் ஆகவேண்டும், எழுதினார். பட்டியல் வந்தபோது அதில் செல்லத்தின் பெயர் இல்லை. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் வேலைக்கு வராமல் இருக்கவில்லை.

அடுத்த ஜூலையில் அதே சோதனையை மறுபடி தொடங்கினார்கள். முதல் நடவன்று ஷோபனா உரக் கிடங்கின் சாவியை அவள் கையில் வைத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் செல்லம். உண்மையச் சொல்ற ஆளு நீங்கதான்."

செல்லத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"ஜூலை முடியற வரைக்கும் வச்சிருக்கேன் மேடம். ஆகஸ்ட்ல நீங்களே வாங்கிக்கங்க. பயிரு முகம் வாடுனா என் கைய நானே நம்ப மாட்டேன்."