துண்டு வரும்வரை

தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளில் யாரும் மூக்காயியைக் கேட்காமல் டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போவதில்லை. "டொக்டரையாகிட்ட துண்டு வாங்கியாச்சா?" என்பாள். தோட்ட மருந்தகத்தில் இருக்கும் வீரசிங்கத்தைத்தான் எல்லோரும் டொக்டரையா என்பார்கள். அவர் எழுதிக் கொடுக்கும் கடிதம் இல்லையென்றால், புறப்பட்டவர்களைத் திரும்ப உட்கார வைத்துவிடுவாள்.

இது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. தன் கழுத்தில் கட்டி ஒன்று கிளம்பிய வருஷம், நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பெரிய டொக்டரின் கிளினிக் வரிசையில் நின்றாள். "லியும கோ?" என்று சிங்களத்தில் கடிதம் கேட்டார் வாசலில் இருந்தவர். இவள் விழித்தாள். அத்தனை பேர் பார்த்திருக்க வரிசையை விட்டு விலகச் சொன்னார்கள். கிளினிக் வாசலில் கேட்டதை ஆஸ்பத்திரி முழுவதற்குமான சட்டம் என்று எடுத்துக்கொண்டு வீடு திரும்பினாள். பாதி தெரிந்த சட்டம் நெடுநாள் பிசகில்லாமல் வேலை செய்யும். அதனால்தான் அதை யாரும் சந்தேகிப்பதில்லை.

அவள் புருஷன் சின்னமுத்து பல்லேகலயில் ஒரு தொழிற்சாலைக்கு இரவுக் காவல். வாய் ஓயாத மனுஷன். "எமனே வந்தாலும் துண்டு எங்கன்னு கேட்டு வாசல்லயே நிறுத்திப்புடுவா நம்ம ஆளு" என்பார். லயமே சிரிக்கும்.

அன்று காலை வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து கிளாஸ் நழுவியது. "கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குறீங்களா?" என்று திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை தொங்கியது. ஏதோ சொன்னார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

மடவளை நஸீம் அப்போதுதான் யாரையோ இறக்கிவிட்டு ஆட்டோவைத் திருப்பிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு ஓடி வந்தான்.

"ஏத்துங்க அக்கா, போவம்."

"துண்டு?"

"இந்த நேரத்துல என்னத்துக்கு அக்கா துண்டு?"

"ஒனக்குத் தெரியாது தம்பி. வாசல்லயே திருப்பி அனுப்புவாங்க. நான் பட்டிருக்கேன்."

ஆட்டோவில் மருந்தகம்வரை கொண்டுபோனார்கள்; அது பூட்டியிருந்தது. டொக்டரையா கலகெதரவில் ஒரு கூட்டத்துக்குப் போயிருப்பதாகவும் மத்தியானம் வந்துவிடுவார் என்றும் சொன்னார்கள். அவருடைய போன் அடித்து அடித்து நின்றது. நஸீம் பின்னாலேயே வந்து கூடியிருந்த லயத்து ஆட்களின் முகங்களைப் பார்த்தான். ஒருவராவது தன் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தான்போல. "அக்கா சொல்றது சரிதான்" என்றாள் அடுத்த வீட்டு வேலாயி. மற்றவர்களும் தலையசைத்தார்கள். அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளே மூக்காயிதான்.

மருந்தகப் படியில் உட்கார வைத்திருந்த சின்னமுத்து இடது கையால் ஆட்டோவைக் காட்டினார். திரும்பவும் காட்டினார். "இருங்க, டொக்டரையா வந்துருவாரு" என்று அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வேலாயியும் மற்றவர்களும் கொழுந்து பறிக்கப் போய்விட்டார்கள். மலையில் மூடுபனி விலகி வெயில் ஏறியது. அவர் காட்டுவதை நிறுத்திவிட்டார்.

மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய வீரசிங்கம் ஒருதரம் பார்த்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன விசர் வேலை இது! உதுக்குத் துண்டு ஆர் கேட்டது? உடன கொண்டு போங்கோ!"

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் யாரும் கடிதம் கேட்கவில்லை. தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். கமலம் என்ற தாதி வந்து, "கடைசியா நல்லா இருந்தது எப்பம்மா?" என்று கேட்டார். மூக்காயி உள்ளதைச் சொன்னாள். தாதி உள்ளே போய், டொக்டரிடம் பேசிவிட்டு வந்தார்.

"ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. அதுக்கு நேரம் கடந்து போச்சும்மா."

"துண்டுக்காகத்தான் இருந்தோம்..."

"கிளினிக்குக்குத்தான் கடிதம் வேணும். இப்படி வர்றவங்களுக்கு எதுவும் வேணாம். எந்த நேரமும் வரலாம்."

மூக்காயிக்கு அப்போது நினைவு வந்தது சின்னமுத்து அல்ல. துண்டுக்காக அதே மருந்தகப் படியில் தான் உட்கார வைத்தவர்கள். மூச்சிரைப்போடு காத்திருந்த ஜெபமாலைக் கிழவர். வலி கண்டு காத்திருந்த மருதாயி மகள். அவர்கள் காலம் வந்து போனார்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

மறுநாள் பார்வை நேரத்தில் வேலாயி வார்டுக்கு வந்தாள். சின்னமுத்துவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டொக்டரையா துண்டு குடுத்ததாலதானக்கா ஒடனே எடுத்தாங்க?"

கட்டிலிலிருந்து சின்னமுத்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்" என்றாள் மூக்காயி.

"அதான் பாத்தேன். எங்க மாமியாவுக்கும் காலையிலருந்து நெஞ்சு அடைக்குதாம். டொக்டரையா நாளைக்குத்தான் வருவாராம். இருக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

பார்வை நேரம் முடிந்து மணி அடித்தது. வேலாயி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மூக்காயி எழுந்தாள், வார்டு வாசல்வரை அவள் கூடவே நடந்தாள், "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னாள்.