அருள்மலர் மச்சாளின் ஒற்றைப் பை

அருள்மலர் மச்சாளோடு வெளிநாடு போவதும் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போவதும் ஒன்றுதான். போய் வந்தவள் நான், சொல்கிறேன்.

அவர் என் அண்ணன் சிறிலின் மனைவி. உப்புவெளியில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஒரு விடுதியில் பதினாறு வருடமாக அறைகளைத் துப்புரவாக்குகிறார், குசினியில் சமையலுக்கும் நிற்பார். கடலுக்குக் குளிக்கப் போகிறவர்களை வாசலில் மறித்து, கையாலும் அரைகுறை இங்கிலீசாலும் அவர் சொல்லும் புத்தி எப்போதும் ஒன்றுதான். காசை ஒரே இடத்தில் வைக்காதே, பாஸ்போட்டை அலுமாரியில் பூட்டு, அன்றைக்குத் தேவையானதை மட்டும் கையில் கொண்டுபோ. கடைசியில் தமிழில், “ஒண்டு போனாலும் ஒண்டு மிஞ்சும்” என்பார். அவர்களும் விளங்கியதுபோலத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

ஊருக்குத்தான் உபதேசம். கட்டாரில் வேலை செய்யும் அவருடைய மகன் ஜக்சன் எங்கள் இரண்டு பேருக்கும் மலேசியாவுக்கு ஐந்து நாள் பயணம் பதிந்து தந்தபோது, மச்சாள் ஒரு கறுப்புத் தோள்பையை எடுத்தார். அவருடைய பாஸ்போட், என் பாஸ்போட், இருவரின் காசு, ரிக்கற், ஜக்சன் தந்த வங்கி அட்டை எல்லாம் அதற்குள் போயின. நானும் ஒரு மடைச்சி, கேட்டவுடன் கொடுத்துவிட்டேன்.

கோலாலம்பூரில் அவர் எதையும் பார்க்கவில்லை. இரட்டைக் கோபுரத்தடியில் எல்லாரும் அண்ணாந்து நிற்க, அவர் குனிந்து பையின் சிப்பைப் பார்த்தார். சாப்பாட்டுக் கடையில் ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு தரம் கதிரை மாறினார், பின்னால் ஆள் நிற்கிறதாம். கக்கூசுக்கும் பையோடுதான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு தேத்தண்ணி வாங்க அவர் பையைத் திறந்தாலும் நான் சுற்றிவரப் பார்த்துக் காவல் நிற்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் காலை எனக்குப் பொறுக்கவில்லை.

“மச்சாள், என்ர பாஸ்போட்டையும் கொஞ்சக் காசையும் என்னட்டத் தாங்கோ. பை போச்செண்டால் ரெண்டு பேரும் நடுத்தெருவில.”

“ஏலாது.”

“வெள்ளைக்காரனுக்கு ஒரு நீதி, எனக்கொரு நீதியோ?”

“கதையை விடுங்கோ நிரோஷினி. பிரிக்க ஏலாது.”

அந்தக் கோபத்தோடுதான் ரயில் நிலையத்துக்குப் போனேன். ரயில் வந்தது, சனம் நெருக்கித் தள்ளியது. மச்சாள் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஏறிவிட்டார். நான் வேண்டுமென்றே இரண்டு அடி பிந்தி வந்தேன். கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் அவர் கத்துவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. ரயில் போய்விட்டது.

சார்ஜ் இல்லையென்று என் போனையும் காலையில் அந்தப் பைக்குள்தான் போட்டிருந்தேன். தங்கியிருந்த இடத்தின் பெயர்கூட வாயில் வரவில்லை. நான் இன்னார் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அழுகை வந்தது, அழுதேன். அரை மணி நேரத்துக்கு மேலாக, வந்த ஒவ்வொரு ரயிலுக்கும் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தேன்.

கடைசியில் எதிர்ப்பக்க மேடையிலிருந்து படியேறி இறங்கி அவர் ஓடி வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவரோ என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு அடங்க நேரமெடுத்தது. பிறகு, சண்டைக்குப் பயந்து மூதூர்ப் பக்கமிருந்து ஓடிய நாளைப் பற்றிக் கதைத்தார். பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தரம்.

“வெருகல் ஆத்தடியில வைச்சு உங்கட அண்ணன்தான் காசைப் பிரிச்சவர். ஒண்டு போனாலும் ஒண்டு மிஞ்சும் எண்டு பாதியையும் ஐடி காட்டுகளையும் தான் வைச்சுக்கொண்டு, என்னையும் பிள்ளையையும் படகில ஏத்தினவர். பின்னால வாறன் எண்டு சொன்னவர் இன்னும் வரேல்ல, நிரோஷினி.”

அண்ணன் காணாமல் போனது எனக்குத் தெரியும். விடுதி வாசலில் மச்சாள் ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது அவனுடைய கடைசிப் புத்தி என்பது அன்றுதான் தெரிந்தது. காலையில் கதைத்த கதைக்கு என் நாக்கை அறுத்தாலும் தகும்.

“வேண்டாம் மச்சாள், எல்லாம் உங்களிட்டயே இருக்கட்டும்” என்றேன்.

அவர் கேட்கவில்லை. பையைத் திறந்து என் பாஸ்போட்டையும் போனையும் காசில் பாதியையும் என் கையில் வைத்தார்.

“நீங்கள் வெறுங்கையோட நிக்கக் கூடாது. ஆனா என்ர கையை விட்டிடாதீங்கோ.”

மீதி நாட்கள் முழுக்கக் கைபிடித்தே நடந்தோம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மாதிரி. இரண்டு கிழடுகள் இப்படிப் போவதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. விடவில்லை.

திரும்பும் நாள் விமான நிலையத்தில், பாஸ்போட் பார்க்கும் அதிகாரி ஒவ்வொருவராக வரச் சொன்னார். மச்சாள் என் கையை விட்டுவிட்டு முதலில் போனார். முத்திரை குத்தி முடிந்ததும் அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்று என்னையே பார்த்தார். தோளிலிருந்து இறக்கி வைத்த கறுப்புப் பை அவரிடமிருந்து நாலடி தள்ளி, போகிறவர் வருகிறவர் நடுவே நிலத்தில் கிடந்தது.

“மச்சாள், பை! பை!” என்று நான் கத்தினேன்.

அவர் பையைத் திரும்பியும் பார்க்கவில்லை. கையை என் பக்கம் நீட்டியபடி, “நீங்கள் வாங்கோ” என்றார்.