தொட்டிக்கு ஊற்றிய உறைமோர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேதியியல் பட்டம் வாங்கிய நான், ஒரே காலையில் கோடிக்கணக்கான உயிர்களைக் கொன்றவன். அதுவும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த உயிர்களை.

போன வாரம் மழை விட்டதும் எங்கள் தெருச் சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவிப் போனார்கள். வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ள, நான் மட்டும் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த நெடி பட்டால் போதும், கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் ஒரு கடலோர ஊரின் கழிவுநீர் நிலையத்துக்குப் போய்விடுவேன். என் முதல் வேலை அங்கேதான். சொந்தக்காரர்களிடம் 'தண்ணி டிபார்ட்மெண்ட்' என்று சொல்லிவைத்திருந்தேன். எந்தத் தண்ணி என்று யாரும் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை.

நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஊர்ச் சாக்கடை வந்து விழும் ஒரு திறந்த தொட்டி, அடியில் காற்றைக் குமிழ் குமிழாக விடும் குழாய்கள், மேலே காபி நிற நுரை. அந்தச் சகதியில் வாழும் பாக்டீரியாக்கள்தாம் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும். நான் அங்கே கெமிஸ்ட். எஸ்தர் ஒப்பந்த ஆபரேட்டர், என் வயதுதான். அவள் அப்பா அம்மா ஊத்துக்கோட்டைப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் மாதச் சம்பளம் அவளுடையது. நான் கண்ணாடிக் குடுவையில் தண்ணீரைப் பிடித்து அரைமணி நேரம் உற்றுப் பார்த்துச் சொல்வதை, அவள் தொட்டியோரம் ஒருமுறை மூச்சிழுத்துச் சொல்லிவிடுவாள். நலமாக இருக்கும் தொட்டி, மழை விழுந்த மண் மாதிரி மணக்குமாம். நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை.

அதுதான் வினை. அடுத்த வாரம் திருவள்ளூரிலிருந்து அதிகாரி வருகிறார் என்றதும் எனக்குத் தொட்டி நாறுவதாகவே பட்டது. எஸ்தர் நாஷ்டாவுக்குப் போன நேரம் பார்த்து, முன்னேற்பாடாக இருக்கட்டுமே என்று ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரை உள்ளே கவிழ்த்தேன். கிருமிகளே வேலையாட்களாக இருக்கும் இடத்தில் கிருமிநாசினி.

மறுநாள் நுரை வெளுத்துவிட்டது. வெளியேறும் தண்ணீர் கலங்கி, நாற்றம் பஸ் ஸ்டாண்டு வரை போனது. ஷிப்ட் எஸ்தருடையது என்பதால் அவளை நிறுத்திவிடப்போவதாக மேற்பார்வையாளர் சொன்னார். கொட்டியவன் நான்தான் என்று போய் நின்றேன். அவர் நம்பவில்லை. படித்த பிள்ளை இப்படிச் செய்யுமா, அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறாய் என்று என் தோளில் தட்டிக்கொடுத்தார். என் முட்டாள்தனத்தை நிரூபிக்க நான் பாடுபட்டது அன்று ஒருநாள்தான். மற்ற நாட்களில் அது தானாகவே நடந்துவிடும். கடைசியில் லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போதும் அவர் முழுசாக இறங்கி வரவில்லை. அதிகாரி வருவதற்குள் தண்ணீர் தெளியாவிட்டால் இரண்டு பேரும் வரவேண்டாம் என்றார்.

எஸ்தர் என்னைத் திட்டக்கூட இல்லை.

"பேஜாரு பண்ணிட்டியே சார். சரி வா, ஒறை ஊத்தலாம்."

கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனிக் குடியிருப்பின் தொட்டியிலிருந்து உயிருள்ள சகதியை டிரம் டிரம்மாக வண்டியில் ஏற்றினாள். டிரைவர் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, "இன்னாக்கா இது?" என்றார்.

"ஒறை மோருபா."

"எந்த ஊட்டுக்கு?"

"ஊருக்கே."

வந்த விருந்தாளிகளுக்குத் தினமும் வெல்லக் கரைசலும் சாணிக் கரைசலும் சாப்பாடு. சாணி கரைக்கும் பொறுப்பு, பட்டதாரி என்பதால் எனக்கு. ஐந்தாம் நாள் காலை அவள் கூப்பிட்டாள். குனிந்து மூச்சிழுத்தேன். மழை விழுந்த மண்ணேதான். அதிகாரி வந்தார், தெளிந்த தண்ணீரைப் பார்த்தார், போனார். எஸ்தர் வேலை தப்பியது. என் வேலையும், போனால் போகிறதென்று.

தெருவில் அடித்த நெடியின் புண்ணியத்தில், இத்தனை வருஷம் கழித்து நேற்று அந்த நிலையத்துக்கு நேரிலேயே போய்வந்தேன். காபி நுரையும் இல்லை, கண்ணாடிக் குடுவையும் இல்லை. தொட்டிகளெல்லாம் மூடிக் கிடக்கின்றன. எதையும் முகர வேண்டாம், கணினித் திரை எண்ணாகச் சொல்கிறது. அந்தத் திரைக்கு முன்னால் இப்போது பொறுப்பாளர் எஸ்தர். பழைய ஆசையில், ஒரே ஒரு மூடியைத் திறந்து மோந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"உனுக்காகத்தான் சார் மூடியே போட்டுக்கீது."