வாசலிலேயே நின்ற ஆட்சேபணை

எங்கள் தெரு கடைத்தெருவானதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஜனத்தொகை பெருகிவிட்டது என்பார்கள், காசு படைத்தவர்கள் வந்துவிட்டார்கள் என்பார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

எழுபதுகளின் நடுவில், தியாகராய நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை மாற்றிய ஊருக்கெல்லாம் சாமான்களைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டியே அம்மாவின் பாதி ஆயுசு போயிருந்தது. இந்த வீட்டில் குடியேறிய அன்றே, "இனிமே என்னால மூட்டை கட்ட முடியாதுன்னா. செத்தாலும் இந்த ஆத்துலதான்" என்று சொல்லிவிட்டாள். அப்பாவும் சரி என்று தலையாட்டியிருந்தார். வீடு அவருடையதில்லை என்பது அப்போது இரண்டு பேருக்குமே பெரிதாகத் தோன்றவில்லை.

அடுத்த வீட்டைத் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வாங்கினார். ஏற்கெனவே பாத்திரக்கடை வைத்திருந்தார். இங்கே நான்கு மாடியில் ஜவுளிக்கடை எழுப்ப வேண்டும் என்று ஆசை. குடியிருப்புத் தெருவில் அது நடக்காது, தெருவையே வணிகப் பகுதியாக மாற்ற வேண்டும். அதற்கு விண்ணப்பம் போட்டார். ஆட்சேபணை உள்ளவர்கள் இன்ன தேதி காலை பதினோரு மணிக்கு அதிகாரி முன் வந்து சொல்லலாம் என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. கூடவே, பம்பாயிலிருந்த எங்கள் வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்தும் சேதி வந்தது. தெரு மாறினால் நல்ல விலைக்கு விற்றுவிடுவேன், மாறாவிட்டால் நீங்களே இருந்துகொள்ளுங்கள் என்று.

தெருவே கொதித்தது. கொதித்ததில் முக்கால்வாசிப் பெண்கள் அண்ணாச்சி கடையில்தான் குக்கர் வாங்கியிருந்தார்கள், அது வேறு விஷயம். கோடிவீட்டு வக்கீல் மாமா தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. எழுதிக் கொடுத்தால் மூலையில் போட்டுவிடுவார்கள், நேரில் போய்ப் பேசினால்தான் எடுபடும் என்றார் மாமா. போக்குவரத்தைப் பற்றிப் பேசும் பொறுப்பு அப்பாவுடையது. லாரிகள் எங்கே நின்று சரக்கு இறக்கும், எந்தப் பக்கமாகத் திரும்பும், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் என்ன கதியாகும் என்று தினமும் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினார். தெருவை ஒருவழிப் பாதையாக்கலாம் என்று ஒரு மாற்று யோசனையும் கைவசம் வைத்திருந்தார். ரயில்வேக்காரர் இல்லையா, எதையும் ஒரே திசையில் அனுப்பத்தான் தோன்றும்.

அறிவிப்பில் இருந்த தேதி வெள்ளிக்கிழமை என்பதைக் கடைசியில்தான் கவனித்தார்கள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். அந்த அதிகாரி கோயில் குளம் போகாத பகுத்தறிவுக்காரர் என்றும், வேண்டுமென்றே இந்த நேரத்தை வைத்திருக்கிறார் என்றும் பேச்சு கிளம்பியது. வக்கீல் மாமா அசரவில்லை. "பத்தரைக்குள்ள உள்ள காலை வெச்சுட்டா தோஷமில்லை. அப்பறம் எத்தனை நாழி உக்காந்தா என்ன?" என்றார். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த, பலமுறை கைகொடுத்த உபாயம்தான்.

அம்மா பலகாரம் கட்டிக் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினாள். நான் பாங்கில் லீவு போட்டுவிட்டு அப்பாவுடன் கிளம்பினேன். ஒன்பதே முக்காலுக்கு எல்லோரும் பஸ் ஏறியாயிற்று. உஸ்மான் ரோட்டில் ஒரு லாரி குறுக்கே நின்றுகொண்டு துணிப் பொதிகளை இறக்கிக்கொண்டிருந்தது. பஸ் அசையவில்லை. "பாத்தேளா, பாத்தேளா! இதைத்தான் நான் சொல்லப் போறேன்!" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அந்த சந்தோஷத்தில் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அலுவலக வாசலில் இறங்கியபோது பத்தரை தாண்டிவிட்டது. படிக்கட்டுக்கு முன்னால் கமிட்டி அப்படியே நின்றது. முதல் ஆளாகக் காலை வைக்க ஒருவருக்கும் மனமில்லை. "எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, நான் போய்ப் பேசட்டுமா?" என்றேன். "கல்யாணமாக வேண்டிய பொண்ணு, பேசாம இரு" என்று நாலைந்து குரல் ஒன்றாக வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

காம்பவுண்டுக்குள் இருந்த தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போனால், அங்கே ஏற்கெனவே அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அதே லாரிக்குப் பின்னால் அவர் காரும் மாட்டிக்கொண்டதாம்.

"வாங்க சார், உக்காருங்க. நானும் அதுக்குத்தான் இருக்கேன். நல்ல காரியத்துக்கு வந்துட்டு ராகுகாலத்துல எப்படி உள்ள போவ?" என்றார்.

எதிரிகள் ஒரே நிழலில் உட்கார்ந்தார்கள். அவருடைய முறுக்கு இந்தப் பக்கம் வந்தது, அம்மாவின் தோசை அந்தப் பக்கம் போனது. ஒருவழிப் பாதை யோசனையை அப்பா அவரிடமே விளக்கினார். "நல்ல ரோசனையால்லா இருக்கு!" என்று அவரும் ரசித்துக் கேட்டார்.

நடுவில் ப்யூன் ஒருவர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், அல்லாரும் இங்கயே குந்திகினு கீறீங்க? அய்யா உள்ள ஒண்டியா ஒக்காந்துகினு கீறாரு!"

"பன்னண்டு அடிச்சதும் வரோம்னு சொல்லுப்பா" என்றார் வக்கீல் மாமா, கோர்ட்டில் வாய்தா வாங்குகிற தோரணையில்.

பன்னிரண்டு அடித்ததும் வலது காலை வைத்து உள்ளே போனோம். அதிகாரி கோப்பை மூடிக்கொண்டிருந்தார். மரியாதையாகத்தான் சொன்னார். "ஆட்சேபணை சொல்ல யாரும் வரலைன்னு பதிவு பண்ணி, உத்தரவுல கையெழுத்துப் போட்டுட்டேனே. தெரு வணிகப் பகுதி ஆயாச்சு." அண்ணாச்சியின் விண்ணப்பம் ஏற்கெனவே அவர் மேஜையில் இருந்ததால், அண்ணாச்சி வர வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

வெளியே வந்தபோது அண்ணாச்சியின் முகம்தான் எங்களைவிட வாடியிருந்தது. "ராகுகாலத்துல போட்ட கையெழுத்தா சார்? அதுல கடை தொறந்தா வெளங்குமா? எனக்கு வேண்டாம் சாமி, வெளங்குனாப்புலதான்!" என்றவர், மனையை வேறு யாருக்காவது தள்ளிவிடுவதாகச் சொல்லிக் காரில் ஏறினார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தோற்று ஜெயித்துவிட்டதாக நினைத்தார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் கதையைச் சொன்னார். லாரி, மரத்தடி, முறுக்கு எதையும் விடவில்லை. "அவன் கடையே தொறக்கப் போறதில்லை, தெரியுமோ!" என்று முடித்தார்.

அம்மா சிரிக்கவில்லை.

"அவர் தொறக்கலைன்னா இன்னொருத்தர் தொறப்பார். கையெழுத்து விழுந்தது விழுந்ததுதானே? பம்பாய்க்காரர் இதைக் கேட்டுண்டு சும்மா இருப்பாரா?"

அப்பா அப்போதுதான் உட்கார்ந்தார்.

"ஏன்னா, அத்தனை பேர்ல ஒருத்தருமா உள்ள போகலை?"

"ராகுகாலம்டீ."

ஐம்பது வயதுவரை நாள் கிழமை தவறாதவள், பஞ்சாங்கம் பார்க்காமல் ஊறுகாய்கூடப் போடாதவள் அவள். சமையலறைப் பக்கம் திரும்பி, அலமாரியில் வரிசையாக இருந்த பாத்திரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கிளம்பறச்சே என்னை வரியான்னு ஒரு வார்த்தை கேட்டேளா?" என்றாள். "நான் போயிருப்பேன்."